பள்ளி மூடிக் கிடக்கும் நாட்களில் பிள்ளைகளின் சாப்பாட்டை ஒழுங்கில் வைப்பது எப்படி?

நான் திண்டுக்கல் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பள்ளியை மூடியபோது எங்கள் சமையற்கூடமும் பூட்டப்பட்டது. சூடான சாப்பாட்டுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தோம். ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் திரும்ப வந்தது 2021 நவம்பர் 1-ல்தான். சிலருக்குச் சீருடை இடுப்பில் ஏறவில்லை. சிலருக்குத் தொளதொளவென்று தொங்கியது. ஒரே ஊர், ஒரே தெருப் பிள்ளைகள்தான்.

இப்படி நீண்ட அடைப்பு இன்னொரு முறை வந்தால், என்ன சமைப்பது என்று முதலில் யோசிக்காதீர்கள். எப்போது சாப்பிடுவது என்பதைப் பிடியுங்கள். பள்ளியில் மதிய மணி அடித்தால் பிள்ளைக்குத் தானாகப் பசிக்கும். மணி நின்றதும் பலர் நள்ளிரவு வரை செல்போன் பார்த்து, காலை பத்து மணிக்கு எழுந்து, மதியச் சோற்றை மூன்று மணிக்குச் சாப்பிட்டார்கள். அப்புறம் ராத்திரிச் சோறு பத்தரைக்கு. காலையில் பசி எங்கிருந்து வரும்?

அதனால் எழும் நேரத்திலிருந்து தொடங்குங்கள். "சீக்கிரம் தூங்கு" என்று கத்திப் பயனில்லை. தூக்கம் சொன்னால் வராது. எழுப்புவது நம் கையில் இருக்கிறது. பத்து மணிக்கு எழுகிற பிள்ளையை ஒரேயடியாக ஆறரைக்கு எழுப்பினால் வீட்டில் சண்டைதான். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். எழுந்ததும் வாசலில் வெயில் படக் கொஞ்ச நேரம் நிற்கட்டும், கோழியைத் திறந்து விடட்டும், ஏதாவது. ராத்திரிச் சாப்பாட்டையும் அதே கணக்கில் எட்டு மணிக்குக் கொண்டு வாருங்கள். அது நகர்ந்தால் காலை இட்லி தானாக இறங்கும். ஞாயிற்றுக்கிழமை என்று விட்டுவிட்டால் திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்துதான்.

மதியச் சோற்றைப் பள்ளி நேரத்திலேயே போடுங்கள். ஆன்லைன் வகுப்பு இருந்தாலும் தட்டின் முன் போன் வேண்டாம். போனைப் பார்த்துச் சாப்பிடும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது, அல்லது பாதியில் எழுந்துவிடும். பெரியவர்களும் போனை அதே அலமாரியில் வைத்தால்தான் இது நடக்கும். எங்கள் ஊரில் இதைச் செய்ய மறுத்தது பெரும்பாலும் அப்பாக்கள்தான்!

நொறுக்குத் தீனியை முழுக்க நிறுத்த முடியாது, நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகளைச் சரமாக வாங்கித் தொங்கவிடாதீர்கள். கண்ணில் பட்டால் கை போகும். மாலை நான்கு மணிக்கு அவித்த கடலையோ சுண்டலோ கடலைமிட்டாயோ கொடுத்துவிட்டால் பாக்கெட்டுக்கு இடம் குறையும்.

இதெல்லாம் சோறு போதுமான அளவு இருக்கும் வீட்டுக்கு. கூலி வேலை நின்ற வீடுகளில் கதை வேறு. பள்ளிச் சத்துணவில் முட்டை தட்டுக்குத் தட்டு தனியாகப் போகும். வீட்டுக்குப் போன அரிசி குடும்பப் பானையில் கலந்துவிடும். அங்கே பிள்ளைக்கென்று கிடைத்த பருப்பையாவது எடுத்துத் தனியாக வையுங்கள். ரசம் சோறு மட்டுமே ஓடும் நாளிலும் ஒரு கை முருங்கைக்கீரை சேருங்கள், பறிக்கக் காசில்லை. கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால் கீரையின் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ கொடுத்தால் அது கெடும். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும்; சோர்வாகவே இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துவிடுங்கள்.

எடை ஏறிய பிள்ளையை "குண்டு" என்று கூப்பிடாதீர்கள். அது மறைத்துச் சாப்பிடத்தான் கற்றுக்கொடுக்கும். சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடி விளையாட விடுங்கள், அல்லது தண்ணீர் தூக்கச் சொல்லுங்கள்.

அடைப்புக் காலத்தில் நல்லதும் ஒன்று நடந்தது. ஆண் பிள்ளைகள் அடுப்படிக்கு வந்தார்கள். அதை விட்டுவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வெங்காயம் உரிக்கலாம், கீரை ஆயலாம். ஏழாவது படிக்கும் பிள்ளை அரிசி களைந்து குக்கரில் போடலாம். குக்கரைத் திறப்பதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.