மாற்றிய ஆக்சில் மீண்டும் உடைந்தால்: பழைய துண்டைக் கேட்டு வாங்குங்கள்

மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற, பின்சக்கரங்களால் உந்தப்படும் ஸ்போர்ட்ஸ் காரில், புதிதாக மாற்றிய ஆக்சில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு, அதாவது ஷாஃப்ட்) சில மாதங்களிலேயே உடைந்தால், பட்டறையின் வேலை சரியில்லையா, பொருளே மட்டமா என்ற ஐயம் எழுவது இயல்பு. வாய்ச்சண்டையில் அது தீராது. உடைந்த துண்டைக் கேட்டு வாங்கி, உடைந்த முகத்தைத் துடைக்காமல் பல கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் தொடங்கிக் கிளிஞ்சலின் வரிகளைப் போல விரியும் வளைகோடுகள் தெரிந்தால், விரிசல் நாள்பட வளர்ந்திருக்கிறது. அத்தகைய கோடே இல்லையென்றால், கிளட்சைச் சட்டென்று விட்டது போன்ற ஒரே அதிர்ச்சியில் முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். (இரண்டாவது வகையில் பட்டறையைக் குறைகூறுவது கடினம்.)

கைவேலையின் தரத்தைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் சக்கர மையத்திலுள்ள பெரிய நட்டுதான். இந்தக் காரில் அதை டார்க் ரெஞ்சால் 200 நியூட்டன் மீட்டருக்கும் மேற்பட்ட முறுக்குவிசையில் இறுக்கி, அதன் விளிம்பை ஷாஃப்டின் பள்ளத்துக்குள் தட்டி மடக்க வேண்டும். ஒருமுறை மடக்கிய நட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. விளிம்பில் பழைய மடிப்பின் தழும்பு தெரிந்தாலோ, மடிப்பே இல்லாவிட்டாலோ, தயங்காமல் விளக்கம் கேளுங்கள், ஏனெனில் நட்டு தளர்ந்தால் ஷாஃப்டின் பற்களும் பேரிங்கும் சேர்ந்தே கெடும். ஆக்சிலின் மூட்டை மூடும் ரப்பர் உறையின் கிளாம்ப் இறுகாமல், சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்திருப்பதும் அவசர வேலையின் அடையாளமே.

ஆக்சில் புதியதா, ரீகண்டிஷன் செய்யப்பட்டதா என்பதைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். இழப்பீடு கேட்பதற்கு முன், வேறொரு பட்டறையின் கருத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.