மெமரி கார்டில் அழிந்த படங்களை மீட்பது எப்படி? ஸ்கேன் ஓட்டுவதற்கு முன்பே பாதி வேலை இருக்கிறது

படங்கள் காணாமல் போனது தெரிந்த நொடியில் கார்டை கேமராவிலிருந்தோ போனிலிருந்தோ வெளியே எடுத்துவிடுங்கள். "இன்னும் ஒரே ஒரு படம் எடுத்துப் பார்ப்போம்" என்பதெல்லாம் வேண்டாம். எந்த மென்பொருள் நல்லது என்று நெட்டில் நடக்கும் சண்டைகளைப் பார்த்தால் எல்லாம் மென்பொருளில்தான் இருக்கிறது என்று தோன்றும். உண்மையில் அழிந்ததற்கும் ஸ்கேன் தொடங்குவதற்கும் நடுவில் அந்தக் கார்டில் என்னென்ன எழுதப்பட்டது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

காரணம் இதுதான். ஒரு படத்தை டெலீட் செய்தால் படத்தின் தரவு அங்கேயே கிடக்கிறது. எஃப்ஏடி32 (கோப்புகளை அடுக்கிவைக்கும் ஒரு முறை) கார்டில் கோப்புப் பெயரின் முதல் எழுத்து ஈ5 என்ற குறியாக மாறுகிறது. அந்தக் கோப்பு எந்தெந்தத் துண்டுகளில் இருக்கிறது என்று காட்டும் அட்டவணை வரிகள் பூஜ்யம் ஆகின்றன. அவ்வளவுதான். புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுப் பக்கங்களை விட்டுவைத்த மாதிரி. குயிக் ஃபார்மட்டும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் விஸ்டாவிலும் அதற்குப் பிறகு வந்த விண்டோஸ்களிலும் "குயிக்" என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்திருந்தால் கார்டு முழுக்கப் பூஜ்யம் எழுதப்பட்டிருக்கும். கேமராவில் "லோ லெவல் ஃபார்மட்" கொடுத்திருந்தாலும் நம்பிக்கை மிகக் குறைவு. இந்த இரண்டில் ஒன்று நடந்திருந்தால் காசு கொடுத்து எதையும் வாங்கிவிடாதீர்கள்.

உண்மையிலேயே அழிந்திருக்கிறதா?

போனில் எடுத்த படமென்றால் முதலில் குப்பைத்தொட்டியைத் திறந்து பாருங்கள். கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படங்கள் டெலீட் செய்த பிறகும் 60 நாள் பின்-னில் (அதன் குப்பைத்தொட்டி) இருக்கும். ஐஃபோனில் "ரீசன்ட்லி டெலீட்டட்" ஆல்பத்தில் 30 நாள்.

அடுத்து, கார்டை கணினியில் போட்டு வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ். எக்ஸ்ப்ளோரரில் ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் "யூஸ்டு ஸ்பேஸ்" மட்டும் பல ஜிபி காட்டுகிறது என்றால் கோப்புகள் பெரும்பாலும் அழியவில்லை, ஏதோ வைரஸ் மறைத்து வைத்திருக்கலாம். எங்கு பார்த்தாலும் பரிந்துரைக்கப்படும், மறைப்பை நீக்கும் "அட்ரிப்" கட்டளை இந்த ஒரு நிலைமைக்கு மட்டும்தான். அழிந்த கோப்பை அது மீட்காது.

போனின் உள் நினைவகத்தில் இருந்து அழிந்து, பின்-னும் காலியாகிவிட்டதா? இந்த வழிமுறை அதற்கு உதவாது. ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போடு வெளிவந்த போன்களில் தரவு என்க்ரிப்ட் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம்) செய்யப்பட்டே இருக்கும். கோப்பு அழியும்போது அதன் சாவியும் போய்விடுகிறது. எஸ்எஸ்டியிலும் இதே கைவிரிப்புதான், காரணம் வேறு: விண்டோஸ் 7-லிருந்தே ட்ரிம் கட்டளை போகிறது, அழிந்த இடத்தை டிரைவே துடைத்துவிடுகிறது. எஸ்டி கார்டை போனின் உள் நினைவகமாக மாற்றிப் பயன்படுத்தியிருந்தாலும் அதில் உள்ளது என்க்ரிப்ட் ஆனதுதான், வேறு கருவியில் போட்டு ஒன்றும் படிக்க முடியாது.

தேவையானவை

ஒரு கார்டு ரீடர். கேமராவையே கேபிளில் இணைத்தால் பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. அந்த வழியில் கணினிக்குக் கோப்புப் பட்டியல் மட்டும் தெரியும், கார்டின் ஒவ்வொரு செக்டரையும் (தரவு எழுதப்படும் சிறு துண்டு) நேரடியாகப் படிக்க முடியாது. ரீடரில் போட்டால் தனி டிரைவ் எழுத்து வர வேண்டும்.

கார்டின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு காலி இடம் உள்ள ஹார்டு டிஸ்க். 64 ஜிபி கார்டுக்கு 128 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிஸ்க் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் வடிவத்தில் இருக்க வேண்டும். எஃப்ஏடி32 டிஸ்க்கில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக எழுத முடியாது, பிரதி எடுக்கும் வேலை நடுவழியில் நின்றுவிடும்.

மென்பொருள் இரண்டு: கார்டைப் பிரதி எடுக்க வின்32 டிஸ்க் இமேஜர், படங்களைத் தேடி மீட்க ஃபோட்டோரெக். இரண்டும் இலவசம், திறந்த மூலம். ஃபோட்டோரெக், டெஸ்ட்டிஸ்க் என்ற தொகுப்போடு ஒன்றாகவே வருகிறது. நிறுவ வேண்டியதில்லை, ஜிப்பைப் பிரித்து நேராக ஓட்டலாம்.

கார்டை முதலில் பிரதி எடுங்கள்

எஸ்டி கார்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பூட்டு விசையை "லாக்" பக்கம் தள்ளிவிட்டு ரீடரில் போடுங்கள். மைக்ரோ எஸ்டி என்றால் அடாப்டரில் அந்த விசை இருக்கும். இதைச் செய்யாவிட்டால் கார்டைச் செருகியதுமே விண்டோஸ் தன் சொந்த ஃபோல்டர் ஒன்றை அதில் எழுதிவைக்கும்.

"இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று பெட்டி வந்தால் கேன்சல். "ஸ்கேன் செய்து சரி செய்யவா" என்று கேட்டாலும் வேண்டாம். செக்டிஸ்க் (டிஸ்க்கைச் சரிபார்க்கும் விண்டோஸ் கருவி) ஓட்டச் சொல்லும் அறிவுரை நெட்டில் நிறைய. அது கோப்பு முறையை ஒழுங்குபடுத்துவதற்காக எழுதப்பட்ட கருவி, உங்கள் படங்களைக் காப்பாற்றுவதற்காக அல்ல. குழம்பிய பதிவுகளை வெட்டி எறிந்துவிட்டுத் துண்டுகளை வேறு பெயரில் குவித்துவைக்கும். மீட்பு முடிந்த பிறகு வேண்டுமானால் ஓட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது வின்32 டிஸ்க் இமேஜரைத் திறந்து, "டிவைஸ்" பட்டியலில் கார்டின் எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். "இமேஜ் ஃபைல்" கட்டத்தில் ஹார்டு டிஸ்க்கில் ஒரு புதிய பெயர் கொடுங்கள், பின்னொட்டு ஐஎம்ஜி. "ஒதுக்கப்பட்ட பார்ட்டிஷனை மட்டும் படி" என்ற டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு ரீட் பொத்தான். ரைட் அல்ல! அந்த இரண்டு பொத்தான்களும் ஒரே வரிசையில் இருக்கின்றன. ரைட் அழுத்தினால் கார்டின் மேல் எழுதத் தொடங்கிவிடும். பூட்டு விசை இதையும் தடுக்கும், சில மலிவான ரீடர்கள் மட்டும் அந்த விசையை மதிப்பதில்லை.

நொடிக்கு 90 எம்பி படிக்கும் ரீடரில் 64 ஜிபி கார்டுக்கு ஏறத்தாழ 12 நிமிடம் ஆகும். பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில் அரை மணி நேரத்தைத் தாண்டும். முடிந்ததும் கோப்பின் அளவைப் பாருங்கள். 64 ஜிபி கார்டுக்கு விண்டோஸ் 59.6 ஜிபியை ஒட்டித்தான் காட்டும், அது சரியே. அதைவிட நிறையக் குறைந்தால் பிரதி முழுதாக வரவில்லை.

படிக்கும்போதே பிழை வந்து நின்றால் கார்டு சாகத் தொடங்கியிருக்கிறது. திரும்பத் திரும்ப முயன்று அதை அடிக்காதீர்கள். லினக்ஸ் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, பழுதான கார்டைப் பிரதி எடுக்கும் டிடிரெஸ்க்யூவைப் பயன்படுத்துங்கள். அது முதலில் நன்றாகப் படிக்கக்கூடிய பகுதிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, கெட்ட செக்டர்களைக் கடைசியில்தான் தொடும். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் ஒன்றையும் கொடுத்து ஓட்டினால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பிரதி கிடைத்ததும் கார்டை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். இனி எல்லாச் சோதனையும் பிரதியின் மேல்தான்.

ஸ்கேன்

ஃபோட்டோரெக்கின் க்யூஃபோட்டோரெக் என்ற ஜன்னல் வடிவத்தை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். மேலே உள்ள பட்டியலின் கடைசியில் "ஆட் எ ரா டிஸ்க் இமேஜ்" இருக்கும். அதில் உங்கள் ஐஎம்ஜி கோப்பைக் காட்டுங்கள். கீழே பார்ட்டிஷன் வரிசை வரும், எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட் என்று உள்ள வரியைத் தேர்ந்தெடுங்கள். பார்ட்டிஷனே தெரியவில்லை என்றால் "ஹோல் டிஸ்க்" என்ற வரி. கோப்பு முறை கேட்கும் இடத்தில் எஃப்ஏடி, என்டிஎஃப்எஸ் என்று உள்ள இரண்டாவது தேர்வு.

அடுத்து "ஃப்ரீ" அல்லது "ஹோல்". டெலீட் செய்தது அல்லது குயிக் ஃபார்மட் கொடுத்தது மட்டும்தான் என்றால் ஃப்ரீ போதும், காலி இடத்தில் மட்டும் தேடும். கார்டு திறக்கவே இல்லை, கோப்பு முறை "ரா" (அடையாளம் தெரியவில்லை) என்று காட்டுகிறது, ஃபோல்டர் பெயர்கள் கிறுக்கலாகத் தெரிகின்றன என்றால் ஹோல் கொடுங்கள். குழம்பிய அட்டவணையை நம்பி எது காலி இடம் என்று ஃபோட்டோரெக்கால் கண்டுபிடிக்க முடியாது.

புதிதாக வருபவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது அதற்கு அடுத்த இடத்தில். "ஃபைல் ஃபார்மட்ஸ்" பொத்தானை அழுத்தினால் நூற்றுக்கணக்கான வகைகள், பெரும்பாலும் எல்லாமே டிக் செய்யப்பட்டிருக்கும். அப்படியே ஓட்டினால் உரைக்கோப்பு, ஜிப் என்று ஆயிரக்கணக்கில் குப்பை சேரும். ரீசெட் கொடுத்து எல்லா டிக்கையும் நீக்குங்கள். பிறகு தேவையானதை மட்டும் போடுங்கள். ஜேபெக் படத்துக்கு ஜேபிஜி, அதில் சந்தேகமில்லை. ஆனால் வீடியோவுக்கு எம்பி4 என்று தேடினால் தனி வரி கிடைக்காது. எம்பி4, 3ஜிபி எல்லாமே எம்ஓவி வரிக்குள் அடங்கியவை. அதேபோல நிக்கானின் என்ஈஎஃப், கேனனின் சிஆர்2 போன்ற ரா கோப்புகள் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் படங்கள்) டிஐஎஃப் வரிக்குள். "எம்பி4 இல்லையே, இது வீடியோவை மீட்காது போல" என்று முடிவுகட்டிக் காசு மென்பொருளுக்குப் போகிறவர்கள் பலர். எம்ஓவி, டிஐஎஃப் இரண்டையும் டிக் செய்தால் போதும்.

கோப்புகள் சேர வேண்டிய ஃபோல்டர் ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும். கார்டையே காட்டாதீர்கள். பிறகு "சர்ச்".

வந்தவற்றைப் பிரிப்பது

ரெகப்_டிர்.1, ரெகப்_டிர்.2 என்று ஃபோல்டர்கள் உருவாகும், ஒவ்வொன்றிலும் சுமார் 500 கோப்புகள். பழைய பெயர் எதுவும் இருக்காது. கோப்பைக் கண்டுபிடிக்க ஃபோட்டோரெக் அட்டவணையைப் பார்ப்பதில்லை. ஜேபெக் என்றால் "எஃப்எஃப் டி8 எஃப்எஃப்" என்ற பைட்டுகளில்தான் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்து நேராகத் தரவிலேயே தேடுகிறது. அதனால் எஃப் என்ற எழுத்தும் அந்தக் கோப்பு தொடங்கிய செக்டர் எண்ணும்தான் பெயர். டி என்ற எழுத்தில் தொடங்குபவை படத்துக்குள் இருந்த குட்டி முன்னோட்டங்கள். உடனே அழித்துவிடாதீர்கள். பெரிய படம் கெட்டிருந்தால் சில சமயம் மிஞ்சுவது அதுதான்.

எக்ஸ்ப்ளோரரில் "டேட் டேக்கன்" நெடுவரிசையைச் சேர்த்து வரிசைப்படுத்துங்கள். தேதி படத்துக்குள்ளேயே இருப்பதால் பெயர் போனாலும் வரிசை கிடைத்துவிடும். மொத்தமாகப் பெயர் மாற்ற எக்ஸிஃப்டூல் எனக்குப் பிடித்தது. கட்டளை வரி ஒத்துவராதவர்களுக்கு எக்ஸ்என்வியூ எம்பி.

படத்தின் மேல்பாதி சரியாக, கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவோ வேறொரு படத்தின் துண்டாகவோ வந்தால் காரணம் இரண்டில் ஒன்று: கோப்பு கார்டில் பிரிந்து பிரிந்து கிடந்தது, அல்லது பாதிக்கு மேல் வேறு தரவு எழுதப்பட்டுவிட்டது. பிரிந்து கிடந்தவற்றில் வேறு மென்பொருள் வெல்ல வாய்ப்புண்டு. மேலே எழுதப்பட்டதை யாராலும் கொண்டுவர முடியாது. ரா கோப்பாக இருந்தால் அதற்குள் பெரிய ஜேபெக் முன்னோட்டம் ஒன்றும் இருக்கும், எக்ஸிஃப்டூல் அதைத் தனியே பிரித்துத் தரும்.

காசு மென்பொருள் தேவையா?

பெயரும் ஃபோல்டரும் முக்கியம், இப்போதுதான் டெலீட் ஆனது என்றால் ஃபோட்டோரெக்குக்கு முன்னால் டெஸ்ட்டிஸ்க்கின் அன்டெலீட்டை (டெலீட் ஆனதைப் பெயரோடு மீட்கும் வசதி) முயன்று பாருங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட்டில் வருகின்றன. அதில் தொடர்ச்சியாக எழுதப்பட்ட கோப்பின் பெயர், அளவு, தொடங்கிய இடம் எல்லாம் டெலீட் ஆன பிறகும் பதிவில் தங்குவதால் இந்த வழி எஃப்ஏடி32-ஐ விட நன்றாகவே பலிக்கும்.

காசு மென்பொருள்களை நான் ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. துண்டு துண்டான வீடியோவைச் சேர்ப்பதில் சில நன்றாகவே செய்கின்றன. ஆனால் முன்னோட்டம் காட்டாமல் காசு கேட்பதை வாங்காதீர்கள். பட்டியலில் பெயர் தெரிவது மீட்டதாக ஆகாது. படம் திரையில் முழுதாகத் திறந்தால்தான் அது இருக்கிறது.

பின்சேர்க்கை: வீடியோ ஓடவில்லை என்பவர்களுக்கு

சில கேனன் கேமராக்களின் வீடியோ இரண்டு கோப்பாக வரும்: பெயரின் முடிவில் ஒன்றில் எஃப்டிஒய்பி, மற்றதில் எம்டாட் என்று இருக்கும். இரண்டும் ஒரே வீடியோதான். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் காப்பி கட்டளையை, சாய்கோடு பி என்ற சுவிட்சோடு, எஃப்டிஒய்பி கோப்பு முன்னால், கூட்டல் குறி, எம்டாட் கோப்பு பின்னால் என்று கொடுத்துப் புதிய பெயரில் ஒட்டுங்கள். வரிசை மாறினால் ஓடாது. பட்டியலில் பல ஜோடிகள் இருந்தால் அடுத்தடுத்த செக்டர் எண் உள்ளவற்றை முதலில் சேர்த்துப் பாருங்கள்.

பதிவு நடக்கும்போதே பேட்டரி போய் அறுந்த வீடியோ வேறு ரகம். எம்பி4-இன் குறிப்பேடான "மூவ்" பகுதியை அநேகக் கேமராக்கள் கடைசியில்தான் எழுதும். அது இல்லாமல் எந்த ப்ளேயரும் திறக்காது. அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி அந்தப் பகுதியைப் புதிதாகக் கட்டித் தரும். கோப்ரோவில் சிக்கல் அதிகம். பெரிய வீடியோவும் அதன் சின்ன எல்ஆர்வி கோப்பும் (குறைந்த தரப் பிரதி) ஒரே நேரத்தில் எழுதப்படுவதால் இரண்டும் பின்னிக் கிடக்கும். இதற்கு ஃபோட்டோரெக் போதாது.

இன்னொன்று: பாதிக்கு மேல் எல்லாப் படமும் கெட்டிருந்தால்

ஒரு குறிப்பிட்ட நாள் வரை எடுத்தவை எல்லாம் நன்றாக இருக்கின்றன, அதற்குப் பிறகு எடுத்தது ஒன்றுகூடத் திறக்கவில்லை என்றால் கார்டு போலியாக இருக்கலாம். உள்ளே 8 ஜிபி சிப், வெளியே 64 என்று அச்சு. நிறைந்த பிறகு எழுதியது எங்கும் சேமிக்கப்படவே இல்லை, அதனால் மீட்கவும் ஒன்றுமில்லை. மீட்ட படங்களை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்த பிறகு பூட்டை எடுத்துக் கார்டை ஃபார்மட் செய்து எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டுங்கள். லினக்ஸ், மேக் என்றால் எஃப்3. கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்து எத்தனை ஜிபி உண்மையானது என்று சொல்லும். ஒரு செக்டர் பிழை காட்டினாலும் அந்தக் கார்டில் இனி எதையும் எடுக்காதீர்கள்.