குழந்தை பிறந்த பின் இரண்டு மணி நேரம்: லேபர் ரூமுக்குப் புதிதாக வந்த நர்ஸுக்கு

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நைட் டூட்டி என்றால் லேபர் ரூமில் பெரும்பாலும் நீங்கள் ஒருவர்தான். கூட ஒரு ஆயாம்மா இருப்பார், மருத்துவ அதிகாரி (எம்.ஓ.) போனில் இருப்பார். குழந்தை அழுத சத்தம் கேட்டதும் வெளியே நிற்கிற சொந்தக்காரர்களுக்கு உயிர் வரும், நமக்கும் கை தளரும், கேஸ் ஷீட்டை எழுதிவிட்டு ஒரு டீ குடிக்கலாம் என்று தோன்றும். அந்த நேரத்தில் மட்டும் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். தாய்க்கு ரத்தம் கொட்டுவதும் குழந்தை குளிர்ந்து போவதும் பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான்.

தலை தெரிய ஆரம்பிப்பதற்கு முன்பே சில வேலைகள் முடிந்திருக்க வேண்டும். ஃபேனை நிறுத்துங்கள், புழுக்கமாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் சரி. காய்ந்த துணி இரண்டு, குழந்தையைச் சூடாக வைக்கிற வார்மரின் கீழ் சூடாக இருக்கட்டும். மூச்சு வராத குழந்தைக்குக் காற்று கொடுக்கிற பேக் அண்ட் மாஸ்க்கை உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், காற்று எங்காவது கசிகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். நிறைமாதக் குழந்தைக்கு 1 சைஸ் மாஸ்க், குறைமாதத்துக்கு 0, இரண்டும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். கர்ப்பப்பையை இறுக வைக்கிற ஆக்சிடோசின், ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து, காலையிலிருந்து ட்ரேயில் கிடக்கிற ஆம்பூலை நம்பாதீர்கள்.

குழந்தை வெளியே வந்ததும் நேரே அம்மாவின் வயிற்றின் மேல். தலை, முதுகு எல்லாம் நன்றாகத் துடைத்து, ஈரத்துணியை எறிந்துவிட்டு காய்ந்த துணியால் போர்த்தி, தலைக்குத் தொப்பி போடுங்கள். நன்றாக அழுகிற குழந்தையின் வாயில் சளி உறிஞ்சும் சக்ஷன் ட்யூபை விடுவது நம்மில் பலருக்கு ஊறிப்போன பழக்கம், தேவையே இல்லை. தொண்டைக்குள் ட்யூப் பட்டால் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிவிடவும் கூடும். தொப்புள்கொடியை உடனே வெட்ட வேண்டாம், 1 முதல் 3 நிமிடம் பொறுத்தால் அந்த ரத்தம் குழந்தைக்கே போய்ச் சேரும், பின்னால் ரத்தசோகை வராமல் இருக்க அது உதவும்.

துடைத்து முதுகைத் தேய்த்தும் மூச்சு வரவில்லை என்றால் கதை வேறு. கொடியை வெட்டி, வார்மரில் வைத்து, தலையை லேசாக நிமிர்த்தி, பிறந்து ஒரு நிமிடம் ஆவதற்குள் மாஸ்க் முகத்தில் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை. 'அழுத்து, ரெண்டு, மூணு' என்று வாய்விட்டே எண்ணுங்கள், பதற்றத்தில் கை தானாக வேகமெடுக்கும், குரல்தான் அதைப் பிடித்து வைக்கும். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். ஏறவில்லை என்றால் மாஸ்க் சரியாக உட்காரவில்லை, அல்லது தலை சரியில்லை, அல்லது வாயில் சளி.

இதற்கு நடுவில் அம்மாவை மறந்துவிடக் கூடாது. வயிற்றைத் தொட்டு இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு நிமிடத்துக்குள் ஆக்சிடோசின் 10 யூனிட் தொடையில் போடுங்கள். நஞ்சு (பிளாசென்டா) தானாக வரட்டும். கர்ப்பப்பை இறுகாத நேரத்தில் கொடியைப் பிடித்து இழுப்பதைப் போல ஆபத்தான அவசரம் வேறில்லை. வந்த நஞ்சை இரண்டு உள்ளங்கையிலும் விரித்து வைத்து, எங்காவது ஒரு துண்டு குறைகிறதா, சவ்வு கிழிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

இப்போதுதான் நான் சொல்ல வந்த விஷயம். முதல் இரண்டு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒரு தடவை அம்மாவின் தொப்புள் பக்கம் கையை வைத்துப் பாருங்கள். கர்ப்பப்பை தேங்காய் மாதிரி கெட்டியாக, உருண்டையாக இருக்க வேண்டும். பிசைந்த மாவு மாதிரி கொழகொழவென்று இருந்தால், அல்லது எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை என்றால், உள்ளே ரத்தம் சேர்கிறது என்று அர்த்தம். பேடை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், கையை இடுப்புக்கு அடியில் விட்டுப் பாருங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இரவு, பேடில் பெரிதாக ஒன்றும் இல்லையே என்று மேஜையில் உட்கார்ந்து ரெஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் "சிஸ்டர், கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்டார், கொடுத்தேன். மறுபடி கேட்டார், கொட்டாவி விட்டார். தூக்கம் வருகிறது போல என்று நினைத்தேன். நாடி பார்த்தபோது 120-ஐத் தாண்டியிருந்தது, பி.பி. மட்டும் நல்லபடியாகத்தான் இருந்தது. போர்வையை விலக்கினால் முதுகு வரை ரத்தம். அவர் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து பிரசவமான பெண் திரும்பத் திரும்பத் தண்ணீர் கேட்டால் டம்ளரை ஒரு கையில் எடுப்பேன், இன்னொரு கை நாடிக்குப் போய்விடும். பி.பி. கடைசியில்தான் இறங்கும், நாடி முன்கூட்டியே சொல்லிவிடும்.

ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் எப்போதும் குறைவாகத்தான் தோன்றும். அளவு குறித்த பிளாஸ்டிக் விரிப்பை இடுப்புக்கு அடியில் போட்டு அளந்து, உடனே எல்லாச் சிகிச்சையையும் சேர்த்து ஆரம்பிக்கிற முறையை கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள், கடுமையான ரத்தப்போக்கு பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. விரிப்பு இருந்தால் கண்டிப்பாகப் போடுங்கள்.

கர்ப்பப்பை கொழகொழவென்று இருந்தால் முதலில் உதவிக்குக் குரல் கொடுங்கள், எம்.ஓ.வுக்கும் 108க்கும் யாராவது போன் போடட்டும். நீங்கள் வயிற்றின் மேலிருந்து கர்ப்பப்பையைத் தேய்த்துக்கொண்டே இருங்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை இறுகாது, கதீட்டர் போட்டு வடித்துவிடுங்கள். பெரிய கேனுலாவில் ட்ரிப், அதில் ஆக்சிடோசின், டாக்டர் சொன்னபடி ரத்தப்போக்கைக் குறைக்கிற டிரானெக்ஸாமிக் ஆசிட், இது பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன். கர்ப்பப்பையை இறுக்குகிற இன்னொரு மருந்தான மெத்தர்ஜின், பி.பி. அதிகமுள்ள பெண்ணுக்கு வேண்டாம்.

குழந்தைக்கு தெர்மாமீட்டரைத் தேடும் முன் உங்கள் புறங்கையே போதும். வயிறும் பாதமும் கதகதப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடு, பாதம் சில்லென்று இருந்தால் குளிர ஆரம்பித்துவிட்டது, அம்மாவின் மார்போடு தோலோடு தோல் ஒட்டி வைத்துப் போர்த்துங்கள். இரண்டுமே சில்லென்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குவது, முனகல் இருந்தாலும் அப்படித்தான்.

ஒரு மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும். இங்கேதான் பாட்டிகள் சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு வருவார்கள். சண்டை போடாதீர்கள், அவர்கள் ஆசை தப்பில்லை. "நீங்களே பேரனை அம்மா மாரில் எடுத்து வைங்க பாட்டி, முதல் சேனை சீம்பால்தான்" என்று சொல்லிப் பாருங்கள், பாதிப்பேர் சிரித்துக்கொண்டே கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவார்கள். மீதிப்பேரிடம் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். எடை பார்ப்பது, வைட்டமின் கே 1 மில்லிகிராம், எல்லாம் பால் குடித்த பிறகு போதும். பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி, இவை விடுபடாமல் பாருங்கள். குளியல் மறுநாளைக்கு.

வார்டுக்கு மாற்றும்போது அம்மாவிடமும் கூட இருக்கிறவரிடமும் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தால், தலைவலியோடு கண் மங்கினால், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், அது எந்த நேரமானாலும் எழுப்பிக் கூப்பிட வேண்டும். அவர்கள் வாயால் அதைத் திரும்பச் சொல்ல வையுங்கள். அப்புறம் உட்கார்ந்து கேஸ் ஷீட் எழுதுங்கள், நீங்கள் பார்த்த நேரத்தோடு, பார்க்காத நேரத்தை நிரப்பாமல்.