பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஆயில்? டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்

என்னுடைய 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5 காலையில் ஸ்டார்ட் ஆனதும் தையல் மெஷின் ஓடுவது போலச் சத்தம் போடும். "பழைய வண்டியா? கெட்டி ஆயிலா ஊத்துங்க" என்று நாலு பேர் சொன்னதை நம்பி 20டபிள்யூ-50 ஊற்றினேன். சத்தம் கூடியதுதான் மிச்சம். சில மாதம் கழித்து நண்பனின் எம்ஜிபி-க்கு (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) யோசனை சொல்லும் பெரிய மனிதனாகி, அங்கே நேர்மாறான தப்பைச் செய்தேன். இரண்டும் பழைய வண்டிகள்தான், ஆனால் இரண்டுக்கும் ஒரே ஆயில் சரிப்படாது.

ஆயிலை வடிப்பது, பில்டரைக் கழற்றுவது, டிரெயின் பிளக் வாஷரைப் புதிதாக மாற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன். இது கடையில் எந்த டப்பாவைக் கையில் எடுப்பது என்பதைப் பற்றி மட்டும்.

படி 1: கையேட்டில் இருக்கும் எண்

ஓனர் கையேட்டில் வெப்பநிலை வாரியாக ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். என் வண்டிக்கு 10டபிள்யூ-30, எம்ஜிபி-க்கு 20டபிள்யூ-50. இந்த எண்ணை மதியுங்கள். கூடவே எஸ்இ, எஸ்எஃப், எஸ்ஜி என்று ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) தரமும் போட்டிருக்கும். அவை காலாவதியான தரங்கள், தேடி அலைய வேண்டாம். ஆனால் எஸ்ஏ (SA), எஸ்பி (SB) என்ற அதற்கும் பழைய ரகத்தை மலிவாக யாராவது நீட்டினால் கை வைக்காதீர்கள். எஸ்ஏ 1930-க்குப் பிந்தைய இன்ஜினுக்கும், அந்தப் பழைய எஸ்பி (SB) 1951-க்குப் பிந்தைய இன்ஜினுக்கும் ஆகாது.

படி 2: அந்த எண் என்ன சொல்கிறது

10டபிள்யூ-30 என்றால் குளிரில் 10 ஆக இருப்பது சூட்டில் 30 ஆகக் கெட்டிப்படும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. எல்லா ஆயிலும் சூட்டில் இளகத்தான் செய்யும். டபிள்யூ போட்ட எண் கடுங்குளிரில் எவ்வளவு லேசாகச் சுழல விடும் என்பதற்கு. பின்னால் வரும் எண் 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கனம் மிச்சமிருக்கும் என்பதற்கு. 30 என்றால் அந்தச் சூட்டில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அளவு), 40 என்றால் 12.5 முதல் 16.3, 50 என்றால் 16.3 முதல் 21.9. அதே 10டபிள்யூ-30, 40 டிகிரியில் 70 பக்கம் நிற்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது உங்கள் 'மெலிசான' ஆயில்கூட இன்ஜினுக்குப் பாகு மாதிரிதான்.

என் தையல் மெஷின் சத்தத்துக்கும் இதுதான் காரணம். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் வால்வ் இடைவெளியை ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் பார்த்துக்கொள்கின்றன. அவற்றுக்குள் ஆயில் ஏறும் துளைகள் நுணுக்கமானவை. கெட்டி ஆயில் அங்கே போய்ச் சேரத் தாமதமாகும், அதுவரை டக் டக். 10டபிள்யூ-30-க்குத் திரும்பி, ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு முறை மாற்றிய பிறகு பெரும்பாலும் அடங்கியது. முழுக்கப் போய்விட்டது என்றால் பொய்.

படி 3: கேம் எதன் மேல் ஓடுகிறது? (நான் வழுக்கிய இடம்)

எம்ஜிபி மாதிரி புஷ்ராட் இன்ஜின்களில் கேமின் (வால்வைத் திறக்கும் சுழல் தண்டு) மேடு, அது தள்ளும் டேப்பட்டின் தட்டை முகத்தில் தேய்த்துக்கொண்டே போகும். சின்ன இடத்தில் பெரிய அழுத்தம். அங்கே உலோகத்தோடு உலோகம் உரசாமல் காப்பது ஆயிலில் கலந்திருக்கும் இசட்டிடிபி, அதாவது ஜிங்க்கும் பாஸ்பரஸும் சேர்ந்த கூட்டு. அது ஒரு படலமாகப் படிந்து, கேமுக்குப் பதிலாகத் தான் தேயும். ரோலர் வைத்த இன்ஜின்களில் தேய்ப்பு இல்லை, உருளல்தான். அவற்றுக்கு இது இவ்வளவு தேவைப்படாது.

சிக்கல் என்னவென்றால், பாஸ்பரஸ் புகைப்போக்கியில் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதனால் 2001-இல் வந்த எஸ்எல் தரத்தில் 0.10 சதவீதம் என்றிருந்த உச்சவரம்பு, 2004-இன் எஸ்எம்-இல் 0.08 ஆனது. 2010-இன் எஸ்என், 2020-இன் எஸ்பி (SP, பழைய SB அல்ல) வரை அப்படியே தொடர்ந்தது.

இதைப் படித்துவிட்டு நண்பனிடம், "எஸ்என் என்று போட்டிருந்தால் தொடாதே" என்று முழங்கினேன். தப்பு. அந்த உச்சவரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெலிசான ரகங்களுக்கு மட்டும்தான். 20டபிள்யூ-50 டப்பாவில் எஸ்என் இருந்தாலும் உள்ளே பாஸ்பரஸ் தாராளமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எழுத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. அவன் நல்ல ஆயிலை எல்லாம் ஒதுக்கிவிட்டு, 'பழைய தரம்' என்று போட்ட ஒரு 10டபிள்யூ-30-ஐ வாங்கி ஊற்றினான். சூடானதும் ஆயில் பிரஷர் முள் படுத்துவிட்டது.

இப்போது நான் பார்ப்பது இரண்டு விஷயம். டப்பாவின் பின்பக்கம் ஏபிஐ-யின் வட்ட முத்திரை இருக்கும். அதன் கீழ் வளைவில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்றிருந்தால் அது பாஸ்பரஸ் குறைத்த ரகம், எம்ஜிபி-க்கு வேண்டாம். அடுத்து, தயாரிப்பாளரின் தளத்தில் அந்த ஆயிலின் டேட்டா ஷீட்டை இறக்கி பாஸ்பரஸ் அளவைத் தேடுங்கள். தட்டை டேப்பட்டுக்கு 1000 முதல் 1300 பிபிஎம் (0.10 முதல் 0.13 சதவீதம்) இருந்தால் எனக்குத் திருப்தி. அளவைச் சொல்லாத கம்பெனியின் ஆயிலை நான் வாங்குவதில்லை. நண்பனின் வண்டியில் இப்போது வால்வோலின் விஆர்1 20டபிள்யூ-50 ஓடுகிறது.

என் எம்எக்ஸ்-5-இலும் கேம் நேராக பக்கெட் (வாளி வடிவ லிஃப்டர்) மேல்தான் உரசுகிறது. ஆனால் வால்வ் ஸ்பிரிங்குகள் லேசானவை, கன்வெர்ட்டரும் இருக்கிறது. அதனால் சாதாரண 10டபிள்யூ-30-ஏ போதும் என்று விட்டுவிட்டேன்.

தனியாக விற்கும் ஜிங்க் பாட்டில்கள் எனக்குப் பிடிக்காது. ஆயிலில் ஏற்கெனவே ஒரு கணக்கோடு கலந்திருப்பதை நாம் கையளவில் குலைக்கிறோம். ஜிங்க் ஒரு அளவைத் தாண்டினால் அதுவும் கெடுதல்தான். புதுக் கேம் போட்டுப் பழக்கும் முதல் சில நூறு கிலோமீட்டர் வேறு கதை.

படி 4: மினரலா, சிந்தடிக்கா

இரண்டும் ஓடும். சிந்தடிக் ஊற்றினால் லீக் ஆகும் என்ற பயத்தில் பாதிதான் உண்மை. சீலை அடைத்துக்கொண்டிருந்த பழைய கசடை அது கரைத்துவிடும், இருந்த ஓட்டை வெளியே தெரியும். ஏற்கெனவே தரையில் சொட்டும் வண்டிக்கு மினரலே போதும்.

படி 5: ஊற்றிய பிறகு

அரை மணி நேரம் ஓட்டி நன்றாகச் சூடாக்கிவிட்டு பிரஷர் கேஜைப் பாருங்கள். ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. கையேட்டில் எண் இருந்தால் அதையே நம்புங்கள். எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 1994 வரை வந்த வண்டிகளில்தான் நிஜமான கேஜ். 1995 முதல் வந்ததில் முள் நடுவில் நிற்கும், இல்லையென்றால் விழும், அவ்வளவுதான். அது கேஜ் வேஷம் போட்ட எச்சரிக்கை விளக்கு.

பில்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் சிலிக்கான் வால்வ் உள்ளதாகப் பாருங்கள். என் வண்டியில் பில்டர் படுக்கைவாட்டில் இருக்கிறது. வால்வ் சரியில்லையென்றால் ராத்திரியில் காலியாகிவிடும், காலையில் மறுபடி டக் டக்.

பிற்சேர்க்கை 1: டீசல் ஆயில் 15டபிள்யூ-40 ஊற்றலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். சிஜே-4 என்ற டீசல் ஆயில் தரத்தில் பாஸ்பரஸ் 0.12 சதவீதம் வரை இருக்கலாம் என்பதால் வந்த ஆசை அது. டப்பாவில் பெட்ரோலுக்கான எஸ் வரிசை எழுத்தும் சேர்ந்திருந்தால், கையேட்டின் எண்ணுக்கும் பொருந்தினால், ஊற்றலாம். கன்வெர்ட்டர் உள்ள வண்டிக்கு நான் ஊற்ற மாட்டேன்.

பிற்சேர்க்கை 2: ஏர்-கூல்டு போர்ஷே 911 வைத்திருக்கும் ஒருவர், இன்ஜின் ஆறியிருக்கும்போது டிப்ஸ்டிக் பார்த்து, ஆயில் இல்லையே என்று ஊற்றிக்கொண்டே போய் அளவைத் தாண்டிவிட்டாராம். அது டிரை சம்ப் வண்டி. ஆயில் தனித் தொட்டியில் இருக்கும். நன்றாகச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி, இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். கூடுதலாக ஊற்றியதை முதலில் வடித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.