மைக் பிடிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டம், பொலிஸ் வந்து சத்தத்தை நிறுத்துங்கோ என்கிறது, உடனே எல்லோரும் "இது எங்கட பேச்சுரிமை" என்று அங்கேயே வாதாடத் தொடங்கிவிடுகிறார்கள். உரிமை உண்டுதான், இலங்கை அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை அதைத் தருகிறது. ஆனால் நீதிமன்றம் நீங்கள் சொன்னதையும் ஸ்பீக்கர் போட்ட சத்தத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்கும், அதனால் நீங்களும் அப்படியே தயாராகுங்கள்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். எழுத்தில் கேளுங்கள். இடம், நேரம், எத்தனை ஸ்பீக்கர், எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவீர்கள் என்று எழுதி, பிரதியில் திகதியோடு ஒப்பம் வாங்குங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்திலேயே கேளுங்கள்.

நேரத்தில் பிடிவாதம் வேண்டாம். 2007இல் வெலிகமப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி வழக்கில் உயர் நீதிமன்றம் (Supreme Court) இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது, பகலிலும் சத்தம் வளாகத்தைத் தாண்டக் கூடாது என்றது. விசேட நிகழ்வுகளுக்கு அயலவர்களைக் கேட்டுத்தான் விலக்கு. எந்த மதமானாலும் சட்டம் ஒன்றுதான் என்றும் சொன்னது, நம் ஊர்த் திருவிழாக்காரர்களும் இதைக் கேட்க வேண்டும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே போதனா வைத்தியசாலை இருக்கிறது. 1996 சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளில் வைத்தியசாலை, நீதிமன்றம், பொது நூலகம், பாடசாலை ஆகியவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர் வரை அமைதி வலயம், பகலில் 50 டெசிபல்தான். நோயாளிகளை நினைத்தாவது ஸ்பீக்கரை மறுபக்கம் திருப்புங்கள்.

ஆனால் சத்தம் என்றாலே குற்றம் என்று யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். 1992 ஜூலை 1ஆம் திகதி எதிர்க்கட்சிகள் நடத்திய 'ஜனகோஷ' (மக்கள் ஆரவாரம்) என்ற எதிர்ப்பில் மக்கள் மணி அடித்து, மேளம் தட்டி, ஹோர்ன் ஊதி அரசுக்கு எதிர்ப்புக் காட்டினார்கள். அதைப் பொலிஸ் தடுத்தது தொடர்பான அமரதுங்க எதிர் சிறிமல் வழக்கில், அந்தச் சத்தமே கருத்து வெளிப்பாடு, 14(1)(அ) அதையும் காக்கும் என்று 1993இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனக்கு இதுதான் மிகப் பெரிய தீர்ப்பு.

ஆகவே பொலிஸ் தடுத்தால் நீங்கள் போடும் முறைப்பாட்டில் இரண்டு விடயங்களை அழுத்துங்கள்: தடுத்த அதிகாரி எந்தச் சட்டத்தின் கீழ் தடுத்தார், அதே இடத்தில் அதே நேரத்தில் வேறொருவருக்கு அனுமதி கிடைத்ததா. பின்னது நடந்திருந்தால் 12(1), அதாவது சமத்துவ உரிமையும் சேரும். அந்த நிகழ்வைக் காட்ட ஒரு சுவரொட்டிப் படம்கூட உதவும்.

நாட்களை எண்ணுங்கள். அடிப்படை உரிமை மனுவைத் தடுத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால் அங்கே விசாரணை நடந்துகொண்டிருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது, யாழ்ப்பாணத்திலேயே அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.