தமிழ்ப்பள்ளிக்கு மின்பாடப் பொருள்கள்: திட்டமிடுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதியது. டெலிமாவில் (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) நுழைவது, கூகுள் டிரைவில் கோப்புறை திறப்பது எல்லாம் ஆசிரியர்களுக்குத் தெரியும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: முதலில் பட்டியல்

காணொளி எடுக்க ஓடாதீர்கள். ஒரு பாடம், ஓர் ஆண்டு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டிஎஸ்கேபியைத் (பாடத்திட்ட, மதிப்பீட்டுத் தர ஆவணம்) திறந்து கற்றல் தர எண்களை (1.1.1 போன்றவை) ஓர் அட்டவணையில் இறக்குங்கள். பக்கத்தில் வேண்டிய பத்திகள்: கையில் இருக்கும் பொருள், வடிவம், மொழி, டிஎஸ்கேபி பதிப்பு, சரிபார்த்தவர்.

பாடநூல் பக்க எண்ணை வைத்து அடுக்கினால் நூல் மாறும் நாளில் எல்லாம் வீண். இப்போதுள்ளவற்றுக்கு ‘2017 சீராய்வு’ என்று பதிப்பைக் குறித்து வைத்தால், 2027 பாடத்திட்டம் வரும்போது எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பது தெரியும். மொழிப் பத்தி டிஎல்பி (இருமொழித் திட்டம்) நடத்தும் பள்ளிகளுக்குக் கட்டாயம். அங்கே கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் போகும்.

வகுப்புசார் மதிப்பீட்டில் மாணவர்கள் கீழ்நிலைகளான அடைவுநிலை 1, 2-லேயே நிற்கும் தர எண்களுக்கு மஞ்சள் பூசுங்கள். வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.

படி 2: எதில் திறப்பார்கள்?

லயத்து வீட்டில் பெரும்பாலும் அப்பாவின் கைப்பேசி ஒன்றுதான். அவர் வேலை முடிந்து வந்த பிறகே அது பிள்ளைகள் கைக்கு வரும், அதுவும் பிரீபெய்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதிந்த 10 நிமிடக் காணொளி 75 எம்பி. அதே விளக்கத்தை 64 கிலோபிட் குரல்பதிவாக 5 நிமிடத்தில் சொன்னால் 2.4 எம்பி. ஆகவே என் வரிசை: ஒரு பக்க பிடிஎஃப், அதற்கு ஒரு குரல்பதிவு, கடைசியாகத்தான் காணொளி. காணொளியைச் சுருக்க ஹேண்ட்பிரேக் மென்பொருள் போதும், இலவசம்.

கூட்டு வகுப்பு நடக்கும் சிறிய பள்ளிகளில் குரல்பதிவுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஆசிரியர் ஓர் ஆண்டுக்குப் பாடம் நடத்தும்போது மற்ற ஆண்டுப் பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே பயிற்சியைச் செய்யலாம்.

வகுப்புத் தொலைக்காட்சியில் பென்டிரைவ் தெரியவில்லையா? பெரும்பாலும் அது எக்ஸ்ஃபேட் என்ற சேமிப்பு முறையில் இருக்கும். ஃபேட்32-க்கு மாற்றுங்கள். மாற்றினால் உள்ளே இருப்பது அழியும், முதலில் நகல் எடுங்கள்.

படி 3: பழைய பயிற்சித்தாள்களை யுனிகோடுக்கு மாற்றுவது

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பள்ளிக் கணினியில் பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்து கிடக்கும் வேர்டு கோப்புகள் வேறு கணினியில் கிறுக்கலாகத் தெரியும். அந்தக் கிறுக்கலே அடையாளம் சொல்லும். ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே அரைப்புள்ளியாகக் கொட்டிக் கிடந்தால் பாமினி எழுத்துரு. அதில் மெய்யெழுத்தின் புள்ளிதான் அரைப்புள்ளியாகத் தெரிகிறது. தலையில் தொப்பியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக இருந்தால் டிஸ்கி அல்லது டாப் என்ற பழைய குறியாக்கம்.

மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர் எனக்குப் பிடித்தது. டிஸ்கியில் ஆங்கில எழுத்துகளின் இடம் அப்படியே இருப்பதால் தாளில் உள்ள மலாய்ச் சொற்கள் தப்பும். பாமினி அந்த இடத்திலேயே தமிழை வைத்திருக்கிறது. மலாய்ச் சொல்லும் சேர்ந்து அர்த்தமற்ற தமிழாகிவிடும். கணிதத் தாளில் இதைவிட மோசம். ‘45 < 54’ என்பது ‘45 ஈ 54’ ஆகும். ‘54 > 45’-இல் குறி போய்க் காற்புள்ளி வந்து நிற்கும்.

தப்பிக்க வழி: மாற்றும் முன் வேர்டின் ‘ரிப்ளேஸ்’ பெட்டியில் எழுத்துருவை டைம்ஸ் நியூ ரோமன் (அல்லது குறிகள் எதில் உள்ளனவோ அது) என்று குறித்து, < குறியை 70707 என்றும் > குறியை 80808 என்றும் மாற்றுங்கள். எழுத்துருவைக் குறிக்காவிட்டால் பாமினியில் உள்ள ஈ எல்லாம் சேர்ந்து போய்விடும். இலக்கங்கள் மாற்றத்தில் கெடாது. யுனிகோடான பிறகு எண்களைத் திரும்பக் குறிகளாக்குங்கள். மலாய்ச் சொற்கள் நாலைந்துதான் என்றால் கையாலேயே தட்டச்சு செய்வது சுலபம்.

முடிந்ததும் புள்ளிவட்டம் (◌) எங்காவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கொம்பு இடம் மாறியிருக்கிறது. ‘கௌ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘கெள’ இருக்கிறதா என்றும் தேடுங்கள். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், தேடலில் அகப்படாது. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். முதலாம் ஆண்டுக்கு அளவு 18-க்குக் கீழே போக வேண்டாம்.

படி 4: பெயரும் பகிர்வும்

கோப்புப் பெயரை ரோமன் எழுத்தில் வையுங்கள்: பாடம், ஆண்டு, தர எண், பதிப்பு. தமிழ்ப் பெயர்கள் சில தொலைக்காட்சிகளில் வெறும் கட்டங்களாகத் தெரியும். பாடநூல் பக்கங்களை வருடி (ஸ்கேன் செய்து) போடாதீர்கள், பதிப்புரிமை உண்டு.

பின்சேர்க்கை: இணைப்பைத் தட்டினால் ‘அனுமதி கேளுங்கள்’ என்று வருவதாகப் பல பெற்றோர் சொல்கிறார்கள். கோப்பு டெலிமா கணக்குகளுக்கு மட்டும் திறந்திருக்கிறது, கைப்பேசியில் இருப்பதோ அப்பாவின் சொந்த ஜிமெயில். பிள்ளையின் டெலிமா கணக்கை அந்தக் கைப்பேசியில் சேர்க்கச் சொல்லுங்கள். முடியாதவர்களுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) பிடிஎஃப்பை ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கி, பின்னங்களின் கீழெண் படிக்க முடியாமல் போகும்.