நாளைக்கு லைசென்ஸ் மாறுமான்னு இன்னைக்கே மோப்பம் பிடிக்கிறது எப்படி

புது ப்ராஜெக்ட்டுக்கு டேட்டாபேஸோ கேஷோ (டேட்டாவை வேகமா எடுக்க தற்காலிகமா வச்சுக்கிற சாஃப்ட்வேர்) எடுக்கும்போது நாம என்ன பாக்குறோம், கிட்ஹப்ல ஸ்டார் எத்தனை, டாக்குமெண்டேஷன் நல்லா இருக்கா, ஓப்பன் சோர்ஸ்னு போட்டிருக்கா, அவ்ளோதான், டிக் அடிச்சிட்டு அடுத்த வேலைக்கு போயிடுறோம். 2018 அக்டோபர்ல மாங்கோடிபி டேட்டாபேஸ், மாத்தி எழுதி நெட்ல சர்வீஸா ஓட்டினா சோர்ஸைத் தரணும்னு சொல்ற ஏஜிபிஎல் லைசென்ஸ்ல இருந்து, சர்வீஸா விக்கிறவங்களை இன்னும் இறுக்குற எஸ்எஸ்பிஎல்லுக்கு தாவுச்சு, 2021 ஜனவரில சர்ச் சாஃப்ட்வேர் எலாஸ்டிக்சர்ச், 2023 ஆகஸ்ட்ல சர்வர்களை செட் பண்ற டெர்ராஃபார்ம், 2024 மார்ச்ல கேஷா ஓடுற ரெடிஸ்னு லைசென்ஸ் மாத்துறது வரிசையா நடந்ததுக்கு அப்புறமும் அப்படியே எடுக்குறது சரியில்ல. எல்லாரும் சொன்ன காரணம் ஏறக்குறைய ஒண்ணுதான்: நாங்க எழுதுறோம், வேற எவனோ அதையே சர்வீஸா வித்து காசு பாக்குறான். அதுல நியாயம் இல்லாம இல்ல. ஆனா இலவசமா பேட்ச் (திருத்தின கோடு) அனுப்பினவன் என்ன பாவம் பண்ணான், அவனைக் கேக்காமயே அவன் எழுதினது வேற லைசென்ஸுக்குள்ள போயிடுச்சே. இந்த சண்டைல யார் பக்கம் நிக்கிறதுங்கறது உங்க இஷ்டம், எடுக்கப்போற சாஃப்ட்வேர்ல இது நடக்க வாய்ப்பிருக்கான்னு எப்படிப் பாக்குறதுன்னு மட்டும் சொல்றேன்.

லைசென்ஸோட பேரை மட்டும் படிக்காதீங்க. இன்னைக்கு என்னங்கறதுதான் அதுல தெரியும். பாக்க வேண்டியது ரெண்டு விஷயம், காப்பிரைட் யார்கிட்ட இருக்கு, பேட்ச் அனுப்புறவங்ககிட்ட சிஎல்ஏ கேக்குறாங்களா. சிஎல்ஏன்னா, உன் கோடை நாங்க வேற லைசென்ஸ்லயும் வெளியிட்டுக்கலாம்னு கம்பெனி முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கிற ஒப்பந்தம். ரெப்போல கான்ட்ரிப்யூட்டிங் ஃபைலைத் திறங்க, இல்லன்னா மூடின புல் ரிக்வெஸ்ட் (சேக்கச் சொல்லி அனுப்பின பேட்ச்) ஏதாவது ஒண்ணைத் திறந்து பாருங்க, "சிஎல்ஏ சைன் பண்ணு"ன்னு ஒரு பாட் கமெண்ட் போட்டிருந்தா விஷயம் அங்கேயே தெரிஞ்சிடும். லாபம் பாக்காம ப்ராஜெக்ட்களைப் பாத்துக்கிற சில ஃபவுண்டேஷன்களும் சிஎல்ஏ கேக்கும், அப்பாச்சி கூட கேக்குது, அதனால கையெழுத்து யாருக்குப் போகுதுன்னு பாருங்க, லாபம் பாக்க வேண்டிய கம்பெனிக்குன்னா அது தனி கதை.

இதுக்கு நேரெதிர் லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கெர்னல். அங்க சிஎல்ஏ கிடையாது, சைன்ட்-ஆஃப்-பைன்னு ஒரு வரி போட்டா போதும், இது நான் அனுப்ப உரிமை உள்ள கோடுதான்னு சொல்ற டிசிஓ அது. காப்பிரைட் எழுதினவங்ககிட்டயே இருக்கும், ஆயிரக்கணக்கான பேர்கிட்ட சிதறிக் கிடக்கு. லைசென்ஸ் ஜிபிஎல் 2, மாத்தி வெளியிட்டா அதே லைசென்ஸ்லதான் விடணும்னு சொல்றது. கெர்னலை ஆரம்பிச்ச லினஸ் டோர்வால்ட்ஸே நினைச்சாலும் மாத்த முடியாது, அத்தனை பேர்கிட்டயும் சம்மதம் வாங்கணும், அதுல பல பேர் உயிரோடயே இல்ல. அதனால ஜிபிஎல் வகை லைசென்ஸ், சிஎல்ஏ இல்ல, நிறைய பேர் எழுதுறாங்க, இந்த மூணும் சேந்து இருந்தா நிம்மதியா எடுக்கலாம். ஏஜிபிஎல்தான், ஆனா ஒரே கம்பெனிக்கு சிஎல்ஏன்னா, மத்தவங்களுக்குத்தான் அந்த லைசென்ஸ் கட்டுப்பாடு, கம்பெனிக்கு இல்ல, அவங்க நாளைக்கே மாத்தலாம். மாங்கோடிபில நடந்தது அதுதான்.

எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி மாதிரி தாராளமான லைசென்ஸ்ல சிஎல்ஏ கூட தேவையில்ல, இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. பிஎஸ்டி கோடை யார் வேணா எடுத்து, அடுத்த வெர்ஷனை தன் லைசென்ஸ்ல விடலாம், பழைய காப்பிரைட் வரிகளை வச்சிருந்தா போதும். ரெடிஸ்ல அப்படித்தான் ஆச்சு. 2018லயே, மாட்யூல்களுக்கு (கூடுதலா மாட்டுற பாகங்கள்) மட்டும் லைசென்ஸ் மாத்தினப்போ, கோர், அதாவது மெயின் சாஃப்ட்வேர், எப்பவும் பிஎஸ்டிதான்னு சொன்னாங்க, 2024ல கோரும் போச்சு. அதனால "எப்பவும்"னு ப்ளாக்ல எழுதியிருக்கறதை எல்லாம் கணக்குல எடுத்துக்காதீங்க. ஆனா அதே தாராளம்தான் எதிர்ப்பக்கத்துக்கும் உதவுச்சு, அறிவிப்பு வந்து பத்து நாள் கூட ஆகல, ரெடிஸ் 7.2.4ல இருந்து கோடைப் பிரிச்சு (இதைத்தான் ஃபோர்க்னு சொல்றது) லினக்ஸ் ஃபவுண்டேஷன்ல வால்கீன்னு ஆரம்பிச்சிட்டாங்க.

வால்கீயை அப்படி ஆரம்பிக்க முடிஞ்சதுக்கு காரணம், ரெடிஸ் கோரை எழுதினவங்க ஒரே கம்பெனி ஆளுங்க இல்ல, அமேசான், அலிபாபா, டென்சென்ட்னு வெளில நிறைய பேர் இருந்தாங்க. அதனால கான்ட்ரிப்யூட்டர்ஸ் பேஜைப் பாருங்க, போன ஒரு வருஷத்துக்கு மட்டும் ஃபில்டர் போடுங்க. டாப்ல இருக்கறவங்க எல்லாம் ஒரே கம்பெனியா? அப்ப சண்டை வந்தா ஃபோர்க்குக்கு ஆள் கிடைக்காது, கோடு கையில இருந்தும் பராமரிக்க ஆள் இருக்காது.

ஃபவுண்டேஷன் லோகோ இருக்கேன்னு நம்பிடவும் முடியாது. 2025 ஏப்ரல்ல நாட்ஸ்ங்கற மெசேஜிங் சாஃப்ட்வேர் விஷயத்துல பாத்தோம், லினக்ஸ் ஃபவுண்டேஷனோட கிளையான சிஎன்சிஎஃப்ல வருஷக்கணக்கா இருந்த ப்ராஜெக்ட், அதை ஆரம்பிச்ச சினாடியா கம்பெனி திரும்ப எடுத்துட்டு பிஎஸ்எல்லுக்கு (சில பயன்பாட்டைத் தடுத்து, சில வருஷம் கழிச்சு ஓப்பன் சோர்ஸ் ஆகுற லைசென்ஸ்) மாத்தப் பாத்துச்சு. ட்ரேட்மார்க்கை ஃபவுண்டேஷனுக்கு அதுவரைக்கும் எழுதியே கொடுக்கல, அதான் மொத்த தகராறுக்கும் வேர். மே மாசம் சமாதானம் ஆகி ட்ரேட்மார்க் கைமாறுறதா முடிவாச்சு. ஸோ ஃபவுண்டேஷன் ப்ராஜெக்ட்னா ட்ரேட்மார்க்கும் டொமைனும் யார் பேர்லன்னு ஒரு தடவை தேடிப் பாருங்க.

லைசென்ஸ் மாறாமலும் கையைக் கடிக்கலாம். ஸ்டோரேஜ் சாஃப்ட்வேர் மினியோ ஏஜிபிஎல்லயே இருந்துக்கிட்டு 2025ல கம்யூனிட்டி எடிஷன் கன்சோல்ல இருந்த அட்மின் வசதிகளை எல்லாம் தூக்கிடுச்சு. ரிலீஸ் நோட்ஸ் படிக்கிற பழக்கம் இருந்தா இதெல்லாம் முன்னாடியே வாசனை அடிக்கும்.

சரி, மாறிடுச்சு, இப்ப என்ன பண்றது? முதல்ல பதறாதீங்க, ஏற்கனவே வெளியான வெர்ஷனோட லைசென்ஸை யாரும் பின்னாடி போய் பறிக்க முடியாது. டெர்ராஃபார்ம் 1.5.7 இன்னைக்கும் எம்பிஎல்ங்கற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்தான். அடுத்து புது லைசென்ஸை முழுசா படிங்க. டெர்ராஃபார்மோட பிஎஸ்எல்ல தடை போட்டிருக்கறது அதை எழுதுற ஹாஷிகார்ப்போட போட்டி போடுற ப்ராடக்ட்டுக்கு மட்டும்தான், உங்க ஆபீஸ் சர்வரை நீங்க செட் பண்றதுக்கு தடையே இல்ல, நாலு வருஷத்துல ஒவ்வொரு வெர்ஷனும் தானா எம்பிஎல்லுக்கு திரும்பிடும். எஸ்எஸ்பிஎல் வேற மாதிரி, அந்த சாஃப்ட்வேரையே சர்வீஸா வித்தா சுத்தி இருக்கற மானிட்டரிங், பேக்கப் டூல் வரைக்கும் எல்லா சோர்ஸையும் வெளியிடணும்னு சொல்லுது. உள்ளுக்குள்ள கேஷா மட்டும் ஓட்டுற கம்பெனிக்கு பெருசா ஒண்ணும் ஆகாது, ஹோஸ்டிங் விக்கிறவங்க வக்கீலைப் பாக்கணும்.

ஆனா லைசென்ஸ் பிரச்சனை இல்லாதவங்களும் உடனே ஒரு வேலை செய்யணும், எந்த வெர்ஷனை இறக்கணும்னு சொல்ற டாக்கர் டேக்ல "லேட்டஸ்ட்"னு இருந்தா தூக்குங்க, அது நமக்குத் தெரியாமயே புது வெர்ஷனுக்கு ஏத்திடும், வெர்ஷனைப் போட்டு பூட்டுங்க. ரெடிஸ்ல இதுதான் பெரிய பொறி. 7.2ல இருந்து வால்கீக்கு போறது சுலபம், வால்கீயை ரெப்ளிகாவா (நகலா) மாட்டி, சிங்க் ஆகட்டும்னு விட்டு, அப்புறம் அதையே ப்ரைமரி ஆக்கிட்டு ஆப்போட கனெக்ஷனை மாத்தினா முடிஞ்சுது. தெரியாம 7.4க்கு ஏறிட்டா டேட்டா ஃபைல் ஃபார்மேட் மாறிடும், அதுக்கப்புறம் வால்கீ 7.2வோ 8.0வோ அந்த ஆர்டிபி ஃபைலைப் படிக்காது. வெறும் கேஷ்தான்னா காலியாவே ஆரம்பிச்சிடுங்க, எதுக்கு வம்பு. செஷன், க்யூ எல்லாம் உள்ள இருந்தா தனியா ஒரு மைக்ரேஷன் டூல் தேடி அலையணும்.

டெர்ராஃபார்ம்ல இருந்து அதோட ஃபோர்க்கான ஓப்பன்டோஃபு போறதும் இப்படித்தான், 1.5ல இருக்கும்போதே தாண்டிட்டா ஸ்டேட் ஃபைல் (எதெல்லாம் செட் பண்ணிருக்குன்னு குறிச்சு வைக்கிறது) அப்படியே வேலை செய்யும், ஸ்டேட்டை மட்டும் முதல்ல பேக்கப் எடுத்துக்கோங்க. ரெண்டும் வருஷா வருஷம் விலகிப் போயிட்டே இருக்கு, 1.7ல ஓப்பன்டோஃபு ஸ்டேட் என்க்ரிப்ஷன் கொண்டு வந்துச்சு, அதை ஆன் பண்ணிட்டா டெர்ராஃபார்முக்கு நேரா திரும்ப முடியாது.

பழைய வெர்ஷன்லயே இருந்துக்கலாம்னு தோணும், செக்யூரிட்டி பேட்ச் எத்தனை நாளைக்குன்னு கம்பெனி எழுதி வச்சிருக்கான்னு பாத்துட்டு இருங்க. உங்க டிஸ்ட்ரோ (நீங்க ஓட்டுற லினக்ஸ் பதிப்பு) என்ன பண்ணுதுன்னும் பாருங்க, ஃபெடோரா 41ல ரெடிஸை எடுத்துட்டு வால்கீயை வச்சிட்டாங்க, இந்த மாதிரி முடிவை அவங்க லைசென்ஸை வரி வரியா அலசிட்டுத்தான் எடுப்பாங்க, நமக்கு ஓசியில ஒரு ஒப்பீனியன்.

2024 ஆகஸ்ட்ல எலாஸ்டிக்கும் 2025 மே மாசம் ரெடிஸ் 8ம் ஏஜிபிஎல்லையும் ஒரு ஆப்ஷனா சேத்துட்டாங்க. ஏஜிபிஎல் முறையான ஓப்பன் சோர்ஸ்தான், சந்தோஷம், எடுத்துக்கோங்க. ஆனா திரும்ப அந்த கான்ட்ரிப்யூட்டிங் ஃபைலைத் திறந்து சிஎல்ஏ இருக்கான்னு பாத்துட்டு எடுங்க. எல்லா லைப்ரரிக்கும் இந்த ஆராய்ச்சி வேண்டாம், அரை நாள்ல மாத்திக்கக்கூடிய குட்டி லைப்ரரியை விட்டுடுங்க. டேட்டா உள்ள உக்காந்திருக்கற டேட்டாபேஸ், சர்ச், க்யூ, ஸ்டோரேஜ், இதுக்கு மட்டும் பண்ணுங்க.